அயல்நாட்டுக் கல்வியும் பழைய பயணக் கணக்கும்



கடல் கடந்து சென்று கற்க வேண்டும் என்னும் ஆர்வம் நம் இளைஞரிடையே ஆண்டுதோறும் வளர்ந்து வருகிறது. அவர்களுட் பெரும்பாலோர்க்கு அது முதல் முயற்சி. கடவுச்சீட்டு புதியது, அதன் பக்கங்கள் வெறுமையானவை. ஆனால் வேறு சிலர்க்கு முன்கதை ஒன்று உண்டு. ஒருவர் முன்பு ஒரு நாட்டுக்கு விசா கேட்டு மறுக்கப்பட்டிருப்பார். மற்றொருவர் அனுமதித்த நாளுக்கு மேல் ஒரு நாட்டில் தங்கியிருப்பார். வேறொருவரின் பெயரோ பிறந்த நாளோ இரண்டு ஆவணங்களில் இரு வேறு விதமாக எழுதப்பட்டிருக்கும். இத்தகைய முன்கதை உடையோர் படிப்பு அனுமதிக்கு எவ்வாறு விண்ணப்பிக்க வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள். நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடுமாதலால், நம் மாணவர் பலர் நாடிச் செல்லும் கனடா நாட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் என் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் உங்களுக்கு அறிவுரை கூற எனக்குத் தகுதியில்லை.

2017 ஆம் ஆண்டு, நான் ஓய்வு பெறுவதற்கு ஓராண்டு முன்பு, என்னிடம் படித்துப் பொறியியற் பட்டம் பெற்றிருந்த இளைஞன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். அதற்கு முந்திய ஆண்டு அவன் அமெரிக்காவில் மேற்படிப்புக்கு இடம் பெற்று, விசாவுக்காக இருமுறை நேர்காணலுக்குச் சென்று, இருமுறையும் மறுக்கப்பட்டிருந்தான். இப்போது கனடாவுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தான். அதில் ஒரு வினாவைக் காட்டி, "ஐயா, இதற்கு என்ன எழுதுவது?" என்று கேட்டான். கனடாவிலோ வேறு எந்த நாட்டிலோ விசா அல்லது அனுமதி மறுக்கப்பட்டதுண்டா, நுழைவு மறுக்கப்பட்டதுண்டா, வெளியேறுமாறு கட்டளையிடப்பட்டதுண்டா என்பது அவ்வினா. நான் அதை ஒரு முறை மேலோட்டமாகப் பார்த்தேன். வெளியேறுமாறு கட்டளை என்னும் சொற்களே என் கண்ணில் பட்டன. "நீ அமெரிக்காவுக்குள் போகவே இல்லையே, அப்பா. நேர்காணலில் தேறவில்லை, அவ்வளவுதானே? இல்லை என்றே எழுது" என்றேன். அவனும் அவ்வாறே எழுதினான்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, தேர்வு அறைக்குள் நுழையும் ஒவ்வொரு மாணவனிடமும் "வினாவை இருமுறை படி" என்று சொன்னவன் நான். அன்று நான் ஒருமுறைகூட முழுமையாகப் படிக்கவில்லை.

சில வாரங்களில் அவனுக்கு ஒரு கடிதம் வந்தது. அமெரிக்க மறுப்பு பற்றிய செய்தி தங்களிடம் இருப்பதாகவும், அதை மறைத்ததற்கு விளக்கம் தரவேண்டும் என்றும் அதிகாரி கெடு வைத்து எழுதியிருந்தார். தவறாகப் புரிந்துகொண்டேன் என்று அவன் பதில் அனுப்பினான். அப்பதில் ஏற்கப்படவில்லை. உண்மையை மறைத்த குற்றத்துக்காக ஐந்து ஆண்டுகள் கனடாவுக்குள் வர அவனுக்குத் தடை விதிக்கப்பட்டது. அப்போது அவனுக்கு வயது இருபத்து மூன்று.

இது ஏன் நேர்ந்தது என்பதை இனி ஆராய்வோம். உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுச் சட்டத்தைப் பார்த்தால் காரணம் தெளிவாகும்.

கனடாவில் நடைமுறையிலுள்ளது 2001 ஆம் ஆண்டின் குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டம். 2002 இல் செயலுக்கு வந்தது. அதன் 16 ஆம் பிரிவு, விண்ணப்பிப்பவர் கேட்கப்படும் வினா அனைத்துக்கும் உண்மையே கூற வேண்டும் என்று விதிக்கிறது. 40 ஆம் பிரிவு, முக்கியமான செய்தி ஒன்றைத் திரித்துக் கூறினாலோ மறைத்தாலோ, அதனால் சட்டத்தை நடத்துவதில் தவறு நேர்ந்தாலும் நேரக்கூடுமாயினும், அவர் ஐந்து ஆண்டுகள் நுழையத் தகுதியற்றவர் என்கிறது. "நேரக்கூடுமாயினும்" என்னும் சொல்லைக் கவனியுங்கள். தவறு உண்மையில் நிகழ்ந்திருக்க வேண்டியதில்லை. அதிகாரி ஏமாந்திருக்க வேண்டியதுமில்லை. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவிடாமல் கதவை அடைப்பதாக அந்த மறைப்பு இருந்தாலே போதும்.

இங்கே பலர் கொண்டுள்ள தவறான எண்ணம் ஒன்றைக் களைய வேண்டும். ஒரு நாடு மறுத்தால் அடுத்த நாடும் மறுத்துவிடும் என்று அவர்கள் அஞ்சுகின்றனர். உண்மை அதுவன்று. அமெரிக்காவின் 1952 ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தில் 214 ஆம் பிரிவின் (பி) உட்பிரிவு என்று ஒன்று உண்டு. மாணவ விசா கேட்டு வருபவரையும் குடியேற வருபவர் என்றே முதலில் கருத வேண்டும். அவ்வாறு இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு விண்ணப்பிப்பவருடையது என்பது அதன் சாரம். நேர்காணலில் மறுக்கப்படுவோர் பலர் இந்த உட்பிரிவின்கீழ்தான் மறுக்கப்படுகின்றனர். அவர்கள் குற்றம் இழைத்தவர் அல்லர். அத்தகைய மறுப்பை வெளிப்படையாக எழுதியிருந்தால், கனடா அதிகாரி அதை ஒரு செய்தியாக எடுத்துக்கொண்டு மற்ற ஆவணங்களோடு சீர்தூக்கிப் பார்த்திருப்பார். அனுமதி கிடைத்திருக்கவும் கூடும். மறைத்ததனால் சிறிய சுமை பெரிய சுமையாயிற்று.

"அறியாமல் செய்த பிழைக்கு மன்னிப்பில்லையா?" என்று கேட்பீர்கள். உண்டு, ஆயினும் அதன் வாயில் மிகக் குறுகியது. தாம் எதையும் மறைக்கவில்லை என்று விண்ணப்பதாரர் நேர்மையாக நம்பியிருக்க வேண்டும். அந்த நம்பிக்கை நியாயமானதாகவும் இருக்க வேண்டும். மறைந்துபோன செய்தி அவர் அறிவுக்கு எட்டாததாக இருக்க வேண்டும். கனடா நீதிமன்றங்கள் இதனை மிக அரிதாகவே ஏற்கின்றன. என் மாணவனைப் பொறுத்தவரை மறுக்கப்பட்டது அவனுக்குத் தெரியும். வினாவும் தெளிவாகவே இருந்தது. ஆசிரியர் சொன்னார் என்பது விடையாகாது. முகவர் எழுதினார் என்பதும் அவ்வாறே. கையொப்பம் யாருடையதோ, பொறுப்பும் அவருடையதே.

அதிகாரிக்கு எவ்வாறு தெரிந்தது என்பது அடுத்த கேள்வி. கனடா, அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளும் குடிவரவுச் செய்திகளைத் தம்முள் பகிர்ந்துகொள்ள ஏற்பாடு செய்துள்ளன. படிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கும் 14 முதல் 79 வயது வரையுள்ளோர் பொதுவாகக் கைரேகையும் நிழற்படமும் அளிக்க வேண்டும். பெயரின் எழுத்து மாறலாம். கடவுச்சீட்டின் எண் மாறலாம். விரல் ரேகை மாறாது. ஆயினும் ஒன்று சொல்வேன். அகப்பட்டுக்கொள்வோம் என்ற அச்சத்தால் மட்டும் உண்மை பேசுபவன், அகப்படமாட்டான் என்ற துணிவு வந்த அன்றே பொய் பேசத் தொடங்குவான். வள்ளுவர் வாய்மைக்குத் தனி அதிகாரம் வகுத்தது மதிப்பெண்ணுக்காக நாம் மனப்பாடம் செய்வதற்கு மட்டுமன்று.

இனி, முன்கதைகள் எத்தனை வகைப்படும், ஒவ்வொன்றையும் சட்டம் எவ்வாறு நோக்குகிறது என்று பார்ப்போம்.

முதலாவது, விசா மறுப்பு. இதைப் பற்றிச் சொல்லிவிட்டேன். கனடாவே முன்பு மறுத்திருந்தாலும், அது சாதாரண மறுப்பாயின், மீண்டும் விண்ணப்பிக்கத் தடையேதும் இல்லை. ஆனால் பழைய விண்ணப்பத்தையே நாளை மட்டும் மாற்றி அனுப்பினால் பழைய விடையே வரும். முன்பு காட்டிய குறை இப்போது எவ்வாறு நீங்கியது என்று காட்ட வேண்டும்.

இரண்டாவது, காலக்கெடு கடந்து தங்குதல். கனடாவில் படித்துக்கொண்டிருப்பவர் தம் அனுமதி முடியுமுன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்தால், விடை வரும் வரை நாட்டை விட்டு நீங்காதிருப்பின், அவருடைய பழைய நிலை தொடர்வதாகச் சட்டம் கருதும். விண்ணப்பிக்கத் தவறி நிலையை இழந்தவர், இழந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் அதை மீட்டுத் தருமாறு கேட்கலாம். 91 ஆம் நாள் அவ்வாயில் அடைபட்டுவிடும். மறதியால் நேர்ந்த தவற்றுக்கும் சட்டம் மூன்று மாதம் பொறுக்கிறது என்பதை நினைவிற் கொள்க.

மூன்றாவது, அனுமதியின்றி வேலை செய்தல் அல்லது படித்தல். அனுமதியில் கண்ட நிபந்தனைகளை மீறியவர்க்கும், அனுமதியின்றி வேலை பார்த்தவர்க்கும், பொதுவாக அச்செயல் நின்று ஆறு மாதம் கழியும் வரை புதிய படிப்பு அனுமதி தரலாகாது என்பது விதி. இதற்கு விலக்குகள் சில உண்டு. ஆறு மாதம் கழிந்த பின்னரும் நடந்ததைச் சொல்லியே கேட்க வேண்டும்.

நான்காவது, வெளியேற்றக் கட்டளை. இது மூவகைப்படும். முதல் வகையில், கட்டளை செயலுக்கு வந்த 30 நாட்களுக்குள் முறையாகப் பதிவு செய்து வெளியேறிவிட்டால், பிறகு வருவதற்குத் தனி அனுமதி தேவையில்லை. ஆனால் கெடு தவறினாலோ, அதிகாரியிடம் பதிவு செய்யாமலே சென்றுவிட்டாலோ, அது தானாகவே மூன்றாம் வகையாக மாறிவிடும். இரண்டாம் வகை பொதுவாக ஓராண்டுத் தடை. உண்மையை மறைத்ததன் பேரில் பிறந்த கட்டளையாயின் ஐந்தாண்டு. மூன்றாம் வகை நாடு கடத்தல். அதற்கு உட்பட்டவர், எத்தனை ஆண்டு கழிந்தாலும், திரும்பி வருவதற்கென எழுத்து வடிவில் அனுமதி பெற்றாலன்றி நுழைய இயலாது. ஆதலால் "எனக்கு வெளியேற்றம் ஆயிற்று" என்று பொதுப்படச் சொல்வது பயன்படாது. எந்த வகைக் கட்டளை, எந்த நாள், எந்த நாளில் புறப்பட்டீர்கள், புறப்பட்டதற்குச் சான்று உண்டா என்ற நான்கு செய்திகளும் கையில் இருக்க வேண்டும்.

ஐந்தாவது, பெயரும் பிறந்த நாளும் பற்றிய குழப்பம். இது நமக்கே உரிய தொல்லை. நாம் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக வைத்துக்கொள்கிறோம். பள்ளிச் சான்றிதழில் அது ஓர் எழுத்தாக நிற்கும். கடவுச்சீட்டிலோ தந்தையின் முழுப்பெயராக விரிந்து, குடும்பப் பெயர் என்னும் கட்டத்தில் போய் உட்காரும். அயல்நாட்டு அதிகாரி இவ்விரண்டையும் இரு வேறு மனிதர் என்று ஐயுற்றால் அதில் வியப்பில்லை. இலங்கையில் 1983 ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் சிதறிய தமிழ்க் குடும்பங்களில் இச்சிக்கல் இன்னும் கடுமை. ஆவணங்களை இழந்தோர், ஒரு நாட்டில் ஒருவாறும் மற்றொரு நாட்டில் வேறொருவாறும் பதிவானோர் பலர். முன்பு எந்தப் பெயர் எந்தப் பதிவில் வழங்கியதோ அதை விண்ணப்பத்தில் வேறு பெயர்கள் என்னும் இடத்தில் எழுதி, வேறுபாட்டின் காரணத்தைச் சில வரிகளில் விளக்க வேண்டும். பொருந்தாத ஆவணத்தைப் பொருந்துமாறு திருத்துவது மட்டும் கூடவே கூடாது. வேறுபாட்டை விளக்கிவிடலாம், திருத்தத்தை விளக்க முடியாது.

அடுத்து, அதிகாரி எதைத் தேடுகிறார் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். முறையாக ஏற்பு பெற்ற கல்வி நிலையத்தின் சேர்க்கைக் கடிதம் முதலாவது. போதிய பணம் இரண்டாவது. படிப்புக் கட்டணமும் பயணச் செலவும் போக, முதலாண்டு வாழ்க்கைச் செலவுக்குத் தனியொருவர் காட்ட வேண்டிய தொகை நெடுங்காலம் 10,000 கனடா டாலராக இருந்தது; 2024 சனவரியில் 20,635 ஆகவும், 2025 செப்டம்பரில் 22,895 ஆகவும் உயர்ந்தது. விண்ணப்பிக்கும் நாளில் எத்தனை என்று அரசின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்க. மூன்றாவது, அனுமதிக் காலம் முடிந்ததும் நாட்டை விட்டுச் செல்வார் என்னும் நம்பிக்கை. முன்கதை உடையோர்க்கு இடர் தருவது பெரும்பாலும் இந்த மூன்றாவதே. முன்பு கெடு கடந்து தங்கியவர் மீண்டும் தங்கமாட்டார் என்று அதிகாரி எதைக் கொண்டு நம்புவார்? அதற்கு விடை தருவதே விண்ணப்பத்துடன் இணைக்கும் விளக்கக் கடிதத்தின் வேலை.

அதே சட்டத்தின் 22 ஆம் பிரிவு, பின்னாளில் நிலையாகக் குடியேறும் எண்ணம் ஒருவர்க்கு இருப்பதாலேயே மாணவராக வருவதைத் தடுக்க வேண்டியதில்லை என்று ஒப்புக்கொள்கிறது. அனுமதி முடியும்போது வேறு உரிமை இல்லையேல் புறப்படுவார் என்று அதிகாரி நம்பினால் போதும். ஆதலின் உள்ளத்தில் உள்ளதை மறைத்து நாடகமாட வேண்டிய தேவை அங்கும் இல்லை.

விளக்கக் கடிதத்தை எவ்வாறு எழுதுவது? கணக்குப் பாடத்தில் விடை மட்டும் எழுதினால் மதிப்பெண் முழுமையாகக் கிடைக்காது. படிகளைக் காட்ட வேண்டும் அன்றோ? அதே முறைதான். முதலில் ஒரு தாளை எடுத்து, பள்ளி முடித்த நாள் தொடங்கி இன்று வரை, எங்கே இருந்தீர்கள், என்ன செய்தீர்கள், எந்த நாட்டுக்கு எப்போது விண்ணப்பித்தீர்கள், விடை என்ன என்று ஆண்டு, திங்கள் வரிசையில் எழுதுங்கள். இடையில் ஒரு மாதமும் வெற்றிடமாக இருக்கலாகாது. வீட்டில் சும்மா இருந்தால் சும்மா இருந்ததாகவே எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு வரிக்கும் சான்று தேடுங்கள்: மறுப்புக் கடிதம், பழைய கடவுச்சீட்டின் முத்திரைப் பக்கம், விமானச் சீட்டு. பழைய கடிதம் தொலைந்திருந்தால், உரிய நாட்டின் அலுவலகத்தில் உங்கள் கோப்பின் படியைக் கேட்கும் வழியுண்டா என்று பாருங்கள்.

அதன்பின் கடிதம். ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு. நடந்தது என்ன, ஏன் நடந்தது, அதன்பின் மாறியது என்ன, அதற்குச் சான்று யாது என்ற நான்கு பத்திகள் போதும். பிறர்மேல் பழி போடும் சொற்களும் இரக்கம் வேண்டும் சொற்களும் கடிதத்துக்கு வலிமை தாரா. "பணச் சான்று போதாது என்று மறுத்தனர், இப்போது தந்தையின் வைப்புத் தொகைக் கணக்கு ஓராண்டுக்கு இணைக்கப்பட்டுள்ளது" என்னும் ஒரு வாக்கியம், கண்ணீர் ததும்பும் பத்துப் பக்கத்தைவிட வலியது. இப்படிப்பைத் தேர்ந்ததன் காரணத்தையும், முன்பு படித்ததற்கும் இதற்கும் உள்ள தொடர்பையும் சேர்த்து எழுதுங்கள். முடிவில் படிவத்தையும் கடிதத்தையும் அருகருகே வைத்து, நாட்களும் பெயர்களும் ஒத்திருக்கின்றனவா என்று சரிபாருங்கள். இருமுறை.

முகவர்களைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. நல்லோர் பலர் உளர், அல்லாதாரும் உளர். போலிச் சேர்க்கைக் கடிதங்களின் பேரில் முன்னரே கனடா சென்றுவிட்ட இந்திய மாணவர் பலர், 2023 ஆம் ஆண்டில் வெளியேற்றப்படும் நிலைக்கு ஆளாயினர். தாம் ஏமாற்றப்பட்டதாக அவர்கள் முறையிட்ட பின்னரே, உண்மையாகப் படிக்க வந்தவர் யார் என்று ஒவ்வொருவராக ஆராய அந்நாட்டு அரசு முன்வந்தது. அவ்வாண்டு டிசம்பர் முதல் ஒவ்வொரு சேர்க்கைக் கடிதத்தையும் கல்வி நிலையத்திடமே கேட்டு உறுதி செய்யும் முறை ஏற்பட்டது. பணம் பெற்றுக்கொண்டு குடிவரவு ஆலோசனை கூறும் உரிமையைக் கனடாச் சட்டம் வழக்கறிஞர் முதலான சிலர்க்கும், அதற்கென அமைந்த ஆலோசகர் கழகத்தின் உறுப்பினர்க்கும் மட்டுமே அளித்துள்ளது. வெற்றுப் படிவத்தில் கையொப்பமிடாதீர். அனுப்பிய விண்ணப்பத்தின் படியைக் கேட்டு வாங்கி, ஒரு வரி விடாமல் படியுங்கள். "இதை எழுதினால் கிடைக்காது" என்று எவரேனும் சொன்னால், அந்த அறிவுரையைத் தம் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். தரமாட்டார்.

எல்லாம் முறையாகச் செய்தும் மறுப்பு வரலாம். அப்போது கனடாவின் கூட்டாட்சி நீதிமன்றத்தை அணுகும் உரிமை உண்டு. முடிவு கனடாவுக்கு வெளியே எடுக்கப்பட்டதாயின் 60 நாட்களுக்குள்ளும், உள்ளே எடுக்கப்பட்டதாயின் 15 நாட்களுக்குள்ளும் விண்ணப்பிக்க வேண்டும். நீதிமன்றம் தானே அனுமதி வழங்காது. முடிவு நியாயமற்றது என்று கண்டால் வேறோர் அதிகாரி மீண்டும் ஆராயுமாறு திருப்பி அனுப்பும். அரசு அதிகாரியின் முடிவு காரண காரியத் தொடர்புடையதாகவும், விளங்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்பதை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2019 டிசம்பரில் வாவிலோவ் வழக்கில் விரிவாக விளக்கியுள்ளது. இங்கும் ஒன்றைக் கவனியுங்கள். நீதிமன்றம் பார்ப்பது, அதிகாரியின் முன்பு அன்று என்ன இருந்தது என்பதைத்தான். அன்று எழுதாமல் விட்டதை வழக்கு மன்றத்தில் புதிதாகச் சேர்க்க முடியாது. ஆகவே சுற்றிச் சுற்றி முதல் விண்ணப்பத்துக்கே வந்து நிற்கிறோம்.

என் மாணவன் கதையை முடிக்க வேண்டும். தடை விழுந்த செய்தியோடு அவன் வந்தபோது, என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. "நானும்தானே ஐயா படித்துப் பார்த்திருக்க வேண்டும்" என்றான். அந்தப் பெருந்தன்மை எனக்குத் தண்டனையைவிடக் கடுமையாக இருந்தது. அவன் இங்கேயே முதுகலைப் பொறியியல் முடித்து, ஒரு தொழிற்பயிற்சிக் கல்லூரியில் ஆசிரியனானான். ஐந்தாண்டு கழிந்ததும், ஆராய்ச்சிப் படிப்புக்காக மீண்டும் விண்ணப்பித்தான். இம்முறை என் வீட்டு மேசையிலேயே உட்கார்ந்து எழுதினோம். அமெரிக்க மறுப்பு இரண்டு, கனடாவின் தடை ஒன்று, ஆக மூன்றையும் நாளோடு எழுதினான். தடைக்குக் காரணம் என்ன என்ற இடத்தில் என் பெயரையும் எழுதலாம் என்றேன். அவன் மறுத்துவிட்டு, "வினாவைச் சரியாகப் படிக்காமல் தவறாக விடை எழுதினேன்" என்று மட்டும் எழுதினான். அனுமதி வந்தது. இக்கதையை உங்களுக்குச் சொல்ல அவனே இசைவு தந்தான்.

அவனுக்கு அனுமதி கிடைத்தது போல் எல்லோர்க்கும் கிடைக்கும் என்று நான் உறுதி கூறமாட்டேன். உண்மை எழுதியவர்க்கும் மறுப்பு வருவதுண்டு. ஆனால் அவர் அடுத்த ஆண்டு அதே உண்மையோடு மீண்டும் கேட்கலாம். எந்த நாட்டிலும் எந்த அதிகாரி கேட்டாலும் ஒரே விடையைச் சொல்லலாம். என் மாணவன் இழந்த ஐந்து ஆண்டுகளை என்னால் திருப்பித் தர இயலவில்லை. உங்களுள் ஒருவர் அந்த வினாவுக்கு வரும்போது, பேனாவை ஒரு கணம் கீழே வைத்துவிட்டு இரண்டாம் முறையும் படிப்பாராயின், இப்பேச்சுக்கு அதுவே பயன்.